புதினமும் அளவையும்

சென்ற ஞாயிறு மாலை கொட்டாஞ்சேனையிலிருந்து நண்பர் ஒருவர் வெள்ளவத்தைக்கு என் இல்லம் தேடி வந்தார். தேநீர் ஆறுமுன்னரே புதினம் வெளிவந்தது. "கேள்விப்பட்டீரோ, பண்டிதர்? நான் பணங் கட்டுகிற காப்புறுதிக் கம்பனியின் முதலை மந்திரி ஒருவர் விழுங்கிவிட்டாராம்."

யார் சொன்னது என்றேன். ஊரே கதைக்கிறது என்றார். அவ்வூரை ஆராய்ந்தவிடத்து, அவர் கடைக்கு வரும் இருவரும், கைத்தொலைபேசியில் வந்த பெயரில்லாச் செய்தி ஒன்றுமே எஞ்சின.

'விழுங்கிவிட்டாராம்' என்பதில் ஈற்றில் நிற்கும் 'ஆம்' என்னும் இடைச்சொல்லை மாணவர் கருதுதல் வேண்டும். யான் கண்டதன்று, கேட்டது எனச் சொல்வோன் தன்னை விலக்கிக்கொள்ளும் வாயில் அது. இரண்டாம் வாய்க்குச் செல்லும்போது அவ்விடைச்சொல் உதிர்ந்துவிடுகின்றது. மூன்றாம் வாயில் தொகையும் சேர்கின்றது. காண்டல், கருதல், உரை என அளவை வகுத்த நம் நூலார், நம்பத்தக்கான் உரையையன்றி எல்லா உரையையும் அளவையாகக் கொண்டாரல்லர்.

எனின், இத்தகைய பேச்சை வெறும் வம்பென்று தள்ளலாமோ? அதுவும் பிழையே. இந்தியாவில் 1956 ஆம் ஆண்டு ஆயுட் காப்புறுதிக் கம்பனிகள் 245ஐ அரசு ஒன்றாக்கிக் கூட்டுத்தாபனம் அமைத்தது. மறு ஆண்டு யூன் மாதத்தில், அக்கூட்டுத்தாபனத்தின் பணம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு கம்பனிப் பங்குகளில் இடப்பட்டது. முதலீட்டுக் குழுவைக் கேளாமலே அது நடந்தது. செய்தி பத்திரிகைகளிற் கசிந்தது. அதனைப் பாராளுமன்றத்திற் கேள்வியாக்கித் தம் பெயராற் கேட்டு நின்றவருள் தலையானவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சியினரல்லர், ஆளுங் கட்சியினர், பிரதமர் நேருவின் மருமகன். 1958 இல் பம்பாய் உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசர் சாக்ளா பலரறிய விசாரணை நடத்தினார். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, நம் தமிழர், அவ்வாண்டு பெப்ரவரியிற் பதவி துறந்தார்.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. அமைச்சர் கைநீட்டிப் பணம் வாங்கினார் என்று சாக்ளா அறிக்கை கூறவில்லை. தம் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பாவார் என்றது. தெருப்பேச்சு 'விழுங்கினார்' என்ற ஒரு சொல்லில் முடிக்கும் இடத்தில், விசாரணை யார் எழுதினார், யார் ஒப்பமிட்டார், யாரைக் கேளாது விட்டார் எனப் பிரித்துக் காட்டிற்று. புகை மெய்யாயிருந்தும், தீ இருந்த இடம் வேறு.

நண்பர் இதனைப் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "அப்படியாயின் இம்மாதத் தவணைப் பணத்தைக் கட்டாமல் விடுகிறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என்னோடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் இவ்வாறே செய்தார். கம்பனி கவிழப்போகிறது என யாரோ சொல்லக் கேட்டுத் தவணையை நிறுத்தினார். சலுகை நாளும் கழிந்தது, பத்திரம் காலாவதியாயிற்று. கம்பனி கவிழவில்லை. எட்டாம் மாதம் அவர்தாம் நெஞ்சுவலியில் இறந்தார். மூன்றாண்டு நிறையாமையால் திரும்பப் பெறவும் ஒன்றுமில்லை. அவர் மனைவியார் பற்றுச்சீட்டுகளை நூலாற் கட்டி என்னிடம் கொணர்ந்து, "இவற்றுக்கு ஒன்றுமே இல்லையோ, மாஸ்டர்?" என்று கேட்டார். வதந்தியை அவருக்குச் சொன்னவர் எவரென்று இன்றளவும் தெரியாது.

இதனைக் கூறியபின் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. தவணையைக் கட்டச் சொன்னேன். கம்பனியின் ஆண்டுக் கணக்கறிக்கையைக் கேட்டும், தாம் கேள்விப்பட்டதை ஐயமாகவே குறித்தும், ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் பெயரும் முகவரியும் இட்டு ஒரு கடிதம் எழுதுமாறும் சொன்னேன். "என் பெயரையுமோ?" என்று தயங்கினார். ஈற்றில் என் மேசையிலேயே இருந்து எழுதினார். 'மந்திரி விழுங்கிவிட்டார்' என்று முதலில் எழுதி, அதனை அடித்து, 'எனக் கேள்விப்படுகிறேன். உண்மையோ என அறிய விரும்புகிறேன்' எனத் திருத்தினார். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அது சென்றது.