ஊசியும் நூலும் – 9: வளருகிற பிள்ளைக்கு விட்ட மடிப்பு

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இருக்கும் மேல்சித்தாமூரில், மல்லிநாதர் கோயிலின் பெரும் பாறையொன்றில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்பங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆதிநாதர், பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி என்று அரசையும் சுற்றத்தையும் துறந்ததோடு உடுத்திய துணியையும் துறந்துவிட்ட மகான்களின் வரிசையில், அம்பிகை என்னும் இயக்கியும் இடம் பெற்றிருக்கிறாள். தமிழ்ச் சமணர் தருமதேவி என்று போற்றும் இவள் இரண்டு பிள்ளைகளின் தாய். துறவி ஒருவருக்கு உணவிட்டதையே குற்றமாகக் கொண்டு கணவன் சினந்தபோது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறியவள் என்று அவளுடைய கதை கூறும். சென்ற வாரம் வரையில் பெரியவர்களின் உடையைப் பற்றியே பேசிவந்த நாம், இந்த வாரம் குழந்தைகளின் உடைக்கு வருவதால், ஆடை துறந்தவர்களின் பக்கத்தில் நிற்கும் இந்தப் பிள்ளைக்காரியிடமிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

திகம்பர நெறி வழங்கும் ஊரில் ஆடையைப் பற்றிப் பேசுவது முரண் என்று யாரேனும் எண்ணினால், அவர்கள் சமண புராணங்களில் ஜன்மாபிஷேகத்தைப் பற்றிய பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். தீர்த்தங்கரர் பிறந்த செய்தி அறிந்த இந்திரன், இந்திராணியைக் கொண்டு தாயை மாயத் துயிலில் ஆழ்த்திவிட்டுக் குழந்தையை மேருமலைக்கு எடுத்துச் சென்று பாற்கடல் நீரால் நீராட்டுகிறான். நீராட்டு முடிந்தபின் அந்தச் சிறு மேனியை ஈரம் போகத் துடைத்து, ஆடையும் அணியும் பூட்டி அழகு பார்ப்பவள் இந்திராணி. பின்னொரு நாள் அத்தனையையும் களைந்து எறியப்போகிற குழந்தை அது என்று தெரிந்திருந்தும், தேவர் உலகத்தரசி அந்த உரிமையைத் தோழியரிடம் விடாமல் தன் கையாலேயே செய்கிறாள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அவ்வாறு அலங்கரிக்கப்பட்ட ஆதிநாதரே வளர்ந்து அரசரானபின், உழவு, வாணிகம், எழுத்து முதலியவற்றோடு கைத்தொழிலையும் மக்களுக்குக் கற்பித்தார் என்று அதே புராணம் சொல்லுகிறபடியால், ஊசி பிடிக்கிறவர்கள் அவரைத் தங்கள் ஆசானாகக் கொண்டாடுவதில் தவறொன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பெரியவர்களின் உடைக்கு ஊசி இன்றியமையாததாக இருந்ததில்லை. வேஷ்டியும் புடவையும் தறியிலிருந்து இறங்கிய கோலத்திலேயே உடம்பில் ஏறுபவை. பூஜைக்குத் தைக்காத துணியே உகந்தது என்னும் சம்பிரதாயம் சமணரிடமும் மற்றவரிடமும் இன்றும் இருக்கிறது. புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் தொழில் செய்தவர்களை எண்ணிச் சொல்லும்போது இளங்கோவடிகள் துன்னகாரரையும் சேர்த்துக்கொண்டிருப்பதால், தையற்கலை நமக்கு அந்நியமாக இருந்ததில்லை என்பது தெளிவு. ஆயினும் உடுத்துகிறவனுக்கு இடுப்பும், சொருகிக்கொள்ள ஒரு கையும் இருக்குமட்டும் அதன் தயவு பெரிதாகத் தேவைப்படவில்லை. குழந்தைக்கோ இரண்டும் இல்லை. அதன் வயிறு இடுப்பைவிடப் பருத்தது; கை, கட்டியதை அவிழ்க்கும், அவிழ்ந்ததைக் கட்டாது. ஆகவே துணியை உடம்பில் நிற்கச் செய்யும் வேலையை வேறொருவர் முன்னதாகவே ஊசியால் செய்து வைக்க வேண்டியிருக்கிறது.

முன்னதாக என்று சொன்னேனாயினும், மிகவும் முன்னதாகச் செய்வதற்கு நம் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பதில்லை. பிள்ளை பிறப்பதற்குமுன் அதற்கென்று சட்டை தைத்து வைப்பது ஆகாது என்னும் எண்ணம் பல குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. பேர் வைக்கும் நாள் வரையில் புதுத் துணியே கூடாது என்று இருப்பவர்களும் உண்டு. சமணக் காவியமான சீவக சிந்தாமணியின் நாயகன், மயிற்பொறியில் ஏறித் தப்பிவந்த அன்னைக்குச் சுடுகாட்டில் பிறந்தவன். அரண்மனை ஆயத்தங்கள் யாவும் பின்னே தங்கிவிட, தந்தையின் முத்திரை மோதிரம் ஒன்றையே அவனுடைய அடையாளமாக விட்டுச்செல்லும்படி நேர்ந்தது விசயைக்கு. அத்தகைய ஆபத்து ஒன்றும் இல்லாத வீடுகளிலும், பிறந்த சிசுவை முதன்முதலில் ஏந்திக்கொள்வது தாத்தாவின் வேஷ்டியோ பாட்டியின் நூற்புடவையோதான். சகுனத்துக்காகச் செய்யப்படும் இந்தக் காரியத்தில் சாஸ்திரீயமான நியாயமும் அடங்கியிருக்கிறது. தறியில் பாவு அறாமல் ஓடுவதற்காக நூலுக்குக் கஞ்சி ஊட்டுகிறார்கள். புதுத் துணியின் விறைப்பு அந்தக் கஞ்சியினுடையது. ஐம்பது அறுபது தடவை தோய்த்துக் காய்ந்த துணியில் கஞ்சியும் இராது, சுருங்குவதற்கு மிச்சமும் இராது. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சக்தி மட்டும் மிகுந்திருக்கும். கோவணத்துக்கும் தூளிக்கும் ஒட்டுத்துணி மெத்தைக்கும் இதைவிட உயர்ந்த சரக்கு எந்த ஜவுளிக் கடையிலும் கிடைக்காது. வங்காளத்துப் பெண்களும் பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைகளுக்குக் கந்தா என்னும் மெத்தை விரிப்புத் தைக்கிறார்கள்.

இனி, தைக்கும் முறைக்கு வருவோம். குழந்தையின் உடைக்கு வயதையும் அளவு எண்களையும் வைத்துக்கொண்டு கடைக்காரர்கள் திண்டாடுகிறார்கள். எனக்கோ ஒட்டக்கூத்தர் காலத்திலிருந்து நம் புலவர்கள் கையாண்டுவரும் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களே இதற்குப் போதுமானவை என்று அபிப்பிராயம். குழந்தை எவ்வளவு நீளம் என்பதைவிட அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே தைப்பவருக்கு முக்கியம். அந்தப் பருவங்களோ குழந்தையின் செய்கையை வைத்து வகுக்கப்பட்டவை.

காப்புப் பருவத்துக் குழந்தை மல்லாந்து கிடப்பது. பிறந்தபோது சுமார் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள அதன் உடம்பில் தலை மட்டும் நாலில் ஒரு பங்கு. தலையின் சுற்றளவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர், மார்பின் சுற்றளவு அதனினும் சற்றுக் குறைவு. மார்புக்குப் பொருந்தும் சட்டை தலை வழியே நுழையாது என்னும் உண்மை இந்தக் கணக்கிலேயே அடங்கியிருப்பதால், ஜபலாவை முழுவதும் திறந்த சட்டையாகத் தைத்து நாடாவால் முடிந்துவிடுகிறோம். மல் துணியை நாலாக மடித்து, கையும் உடலும் ஒரே வெட்டில் வரும்படி வெட்டிவிட்டால், தனியே கை வைத்துத் தைக்க வேண்டிய பிரயாசையும் இல்லை, அக்குளில் உறுத்தும் தையலும் இல்லை. பெரியவர்களின் சட்டையில் எது உள்பக்கமோ அது இங்கே வெளிப்பக்கம்: தையலின் பிசிறு வெளியே தெரியட்டும், பார்க்கிறவர்கள் கண்ணில் உறுத்துவது குழந்தையின் தோலில் உறுத்துவதைக் காட்டிலும் எவ்வளவோ மேல்.

ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் நிலைமை மாறிவிடுகிறது. கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையை நிமிர்த்தி ஆடுகிற குழந்தைக்கு மார்பில் இருக்கும் முடிச்சு கல்லைப்போல் அழுத்தும். ஆகையால் நாடா முதுகுக்குப் போக வேண்டும். நீண்ட கவுன் முழங்காலின் கீழ் அகப்பட்டு, முன்னே போக முயலும் குழந்தையைக் கழுத்தைப் பிடித்து இழுத்து முகங்குப்புற விழச் செய்யும். தவழும் பெண் குழந்தைக்கு நீளப் பாவாடை கட்டி வேடிக்கை பார்ப்பவர்கள், தாங்களே ஒரு நாள் அவ்வாறு தவழ்ந்து பார்த்தால் நலமாக இருக்கும். ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் இரு கையும் கொட்டுவதற்குத் தோள் தாராளமாக வேண்டும் என்பதோடு, அகப்பட்டது யாவும் வாய்க்குள் போகும் காலமும் அதுவே என்பதால் பொத்தானை அறவே விலக்குவது நல்லது; தவிர்க்க முடியாவிடில் இரட்டை நூலால் இறுகத் தைத்து, வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

எழுந்து நடந்துவரும் வருகைப் பருவத்தில்தான் தையலின் சாமர்த்தியம் முழுவதும் வெளிப்படுகிறது. நாடா கோத்த பாவாடையை அந்தச் சிறு தொந்தியின்மேல் கட்டினால், தளர்த்தினால் நழுவும், இறுக்கினால் தடம் பதியும். இதற்குப் பரிகாரமாகத்தான் பாவாடையின் பாரத்தைத் தோள் தாங்கும்படி பாடி வைத்துத் தைக்கிறார்கள். அதன் பிறகு வருவது வளர்த்திப் பிரச்சினை. பிறந்த முதல் ஆண்டில் சுமார் 25 சென்டிமீட்டரும், இரண்டாம் ஆண்டில் சுமார் 12 சென்டிமீட்டரும், அதன்மேல் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் வரையும் குழந்தை வளர்கிறது. பாப்ளின் சட்டை என்றால் கீழே அகலமாக மடித்து வைத்துப் பின்னர் இறக்கிவிடலாம். பட்டுப் பாவாடையிலோ கீழ் ஓரத்தில் ஜரிகைக் கரை ஓடுவதால் அங்கே மடிக்க வழியில்லை. ஆகையால் கரைக்கு மேலே, துணியின் உடலிலேயே, டக்கு பிடிக்கிறார்கள். ஓர் அங்குல டக்கு இரண்டு அங்குலத் துணியைத் தன்னுள் ஒளித்துக்கொள்ளும். அத்தகைய டக்கு மூன்று வைத்தால் ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர், கைவசம் இருக்கிறது. கால் மட்டும் வளரும் வீதத்தைப் பார்த்தால் மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. டக்கை மிஷினில் நெருக்கமாக ஓட்டிவிட்டால், பிரிக்கும்போது பட்டில் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும். கையால் நீட்டு நீட்டாக நூலோட்டியிருந்தால் ஒரு முனையைச் சுண்டி இழுத்தவுடன் வந்துவிடும். பிரிக்கப்போகும் தையலைப் பிரிப்பதற்கு ஏற்பவே தைப்பவர்தான் நல்ல தையற்காரர் என்பேன். எவ்வளவு செய்தாலும், மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த பாகம் பிரித்தபின் கருத்த பட்டையாகத் தெரியத்தான் செய்யும். அந்தப் பட்டைகளைப் பார்த்தே, இந்தப் பாவாடை எத்தனை தீபாவளி கண்டது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கணக்கிட்டுவிடுவார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஜப்பானியர் தங்கள் குழந்தைகளின் கிமோனோவில் தோளிலும் இடுப்பிலும் இதே போன்ற மடிப்புகளை வேண்டுமென்றே வெளியே தெரியும்படி வைத்து, ஆண்டுக்கு ஆண்டு தளர்த்திக்கொண்டே வருகிறார்கள். மடிப்புள்ள உடையே பிள்ளைப் பருவத்தின் லட்சணம் என்று அங்கே கருதப்படுகிறது. பல வீடுகளில் துண்டுத் துணி யாசித்து ஒன்றாக இணைத்துத் தைத்த அங்கியை அணிவித்தால் குழந்தை நோயின்றி வளரும் என்னும் நம்பிக்கையும் அந்நாட்டில் இருந்திருக்கிறது.

பட்டு என்று சொன்னவுடன் மேல்சித்தாமூரில் வேறொரு கேள்வி எழுவது இயல்பு. கூட்டுப்புழுவை உள்ளே வைத்தபடியே கூட்டை வெந்நீரில் இட்டு நூல் எடுக்கிறார்கள் என்பதை அறிந்தபின், எவ்வுயிரையும் வருத்தலாகாது என்னும் விரதத்தோடு அதைப் பொருத்துவது கடினம். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறும்வரை காத்திருந்து, அறுந்த இழைகளை நூற்று நெய்யும் அஹிம்சைப் பட்டை ஐதராபாத்தைச் சேர்ந்த குசும ராஜய்யா பிரசித்தப்படுத்தினார். அது வழக்கமான பட்டைப்போல் மினுங்காது, விலையும் அதிகம். பக்கத்திலேயே ஆரணித் தறிகள் பளபளத்துக்கொண்டிருக்கும்போது அதைத் தேடிப் போவதற்கு மனத்திடம் வேண்டும். என்னைக் கேட்டால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பட்டே அநாவசியம். கரை போட்ட நல்ல நூல் துணியில் தைத்த பாவாடையில் அது ஓடுவதையும் மண்ணில் உட்காருவதையும் யாரும் அதட்டமாட்டார்கள்.

துணியோடு சேர்ந்த அணிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அரைஞாண் கயிறு இடுப்பே இல்லாத உடம்புக்கு ஓர் இடுப்பை உண்டாக்கிக் கொடுத்து, கோவணம் நிற்க இடம் தருகிறது. பெண் குழந்தையின் அரைமூடியும் அதில்தான் தொங்கியது. ஐம்படைத் தாலி அணிவிக்கும் வழக்கம் சங்க காலத்திலிருந்தே வருவது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் காற்கிண்கிணியைக் கழற்றிவிட்டுக் கழல் பூண்ட பின்னும் பிள்ளைத் தாலியைக் களையாத இளம் வயதிலேயே போருக்கு வந்துவிட்டான் என்று இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். மணிக்கட்டில் கட்டும் வசம்பு வளையலைக் குழந்தை சப்பும் என்பதையும், வசம்பு உள்ளே போவது நல்லதன்று என்று வைத்தியர்கள் எச்சரிப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கழுத்தில் கயிறோ நாடாவோ கட்டித் தூளியில் விடுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். குல்லாவைப் பொறுத்தவரையில், தலையின் சுற்றளவு ஓராண்டில் 35 சென்டிமீட்டரிலிருந்து சுமார் 46 வரை போய்விடுவதால், பின்புறம் பிளந்து நாடா வைத்தால் ஒன்றே மூன்றுக்குச் சமானமாகும்.

இக்காலத்தில் கடைகளில் தொங்கும் நைலான் வலைக் கவுன்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் பத்திரிகையில் இடம் போதாது. அதற்கு மாறாக, 2015-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு வழங்கப்பட்ட பரிசுப் பெட்டகத்தில், 16 பொருள்களுக்குள் துண்டும் சட்டையும் சிறு மெத்தையும் கொசுவலையும் இடம் பெற்றதைப் பாராட்டியே ஆக வேண்டும். பழந்துணி எடுத்துத் தரப் பாட்டி இல்லாத பிள்ளைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

ஐந்து வயது முடிந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீட்டு ஊசிக்கு வேலை பாதி குறைந்துவிடுகிறது. சத்துணவு உண்ணும் மாணவருக்குச் சீருடை இலவசமாக வழங்கும் திட்டம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1985-இல் தொடங்கி, இப்போது ஆண்டுக்கு நான்கு ஜோடி என்ற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அவற்றைத் தைத்துக் கொடுப்பவர்கள் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள். தாங்கள் பெறாத இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு அவர்கள் எவ்வாறு அளவெடுக்கிறார்கள், வளர்த்திக்கு எவ்வளவு விடுகிறார்கள், ஜோடிக்கு என்ன கூலி பெறுகிறார்கள் என்பதையெல்லாம் அடுத்த வாரம் விசாரிப்போம்.