பானையும் சூரியனும்: ஒரே கட்சி, ரெண்டு ரிசல்ட்

அமெரிக்கா எபிசோடு கேட்டுட்டு ஒருத்தர் நல்ல கேள்வி அனுப்பியிருந்தார். அயோவா மாநிலத்துல 2008, 2012 ரெண்டு தடவையும் ஒபாமா ஜெயிச்சார். 2016-ல அதே மாநிலம் டிரம்ப் பக்கம் போச்சு. அங்க இருக்கிற வெள்ளைக்காரத் தொழிலாளிங்க நிறத்தைத் தாண்டி ஓட்டுப் போட்டாங்களா, இல்லையா?

இதுக்கு அயோவா வரைக்கும் போக வேணாம். தாம்பரத்துல ரயில் ஏறி சிதம்பரத்துல இறங்கினா போதும்.

2019 மக்களவைத் தேர்தல். தி.மு.க. கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு ரெண்டு தொகுதி. விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். 1,28,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சிதம்பரத்தில் கட்சித் தலைவர் திருமாவளவனே பானைச் சின்னத்தில் நின்றார். வித்தியாசம் 3,219. அன்னிக்கு ராத்திரி ரிசல்ட் பேஜை நான் எத்தனை தடவை ரிஃப்ரெஷ் பண்ணினேன்னு கணக்கே இல்ல.

ரெண்டுமே தனித் தொகுதி. நிற்கிற எல்லாருமே பட்டியல் சாதிதான். அதனால வேட்பாளரோட சாதி இங்க கான்ஸ்டன்ட், மாறினது சின்னம். சூரியன்ல குத்துற வன்னியருக்கு அது அப்பா காலத்துக் கட்சி. பானை, 'அவங்க' கட்சி. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஊர்க்காரரும் காலனிக்காரரும் ஒரே வயல்ல கூலிக்கு இறங்கலாம். ஆனா 'நான் ஊர்' என்கிற நினைப்பு கூலிக்கு மேல கிடைக்கிற இன்னொரு சம்பளம். அமெரிக்க வெள்ளைத் தொழிலாளிகளைப் பத்தி டு போய்ஸ் 1935-ல் எழுதினதும் கிட்டத்தட்ட இதுதான்.

இதே சிதம்பரத்தில் 1998-ல் தலித் எழில்மலை ஜெயித்தார். எந்தக் கட்சி? பா.ம.க. பேரிலேயே தலித்னு இருக்கிறவருக்கு வன்னியர் ஓட்டு விழுந்தது, மாம்பழச் சின்னத்தில். அடுத்த வருஷமே திருமாவளவன் முதல் முறையா அங்க நின்று, பா.ம.க.விடம் தோற்றார்.

சரி, எல்லாத்தையும் சின்னத்து மேலயே போட்டுடலாமா? முடியாது. சிதம்பரத்தில் எதிரே இரட்டை இலை, விழுப்புரத்தில் மாம்பழம். இரட்டை இலையை ஜெயிக்கிறது எப்பவுமே கஷ்டம். அப்புறம் 2024-ல் ரெண்டு பேரும் பானையிலேயே நின்றாங்க. சிதம்பரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல, விழுப்புரத்தில் 70,000-க்கு மேல வித்தியாசம். அந்தத் தடவை அ.தி.மு.க. தனியா, பா.ஜ.க.–பா.ம.க. தனியா நின்னு எதிர் ஓட்டு பிரிஞ்சுது.

ஆனா பானைக்கு வன்னியர் ஓட்டு எவ்வளவு விழுந்ததுன்னு வித்தியாசத்தை மட்டும் வெச்சு யாரும் சொல்ல முடியாது. அயோவாவுலயும் அதே சிக்கல்தான்: விழுந்த ஓட்டு ஒபாமாவுக்கா, ஜனநாயகக் கட்சிக்கா? என் சந்தேகம், பெரும்பாலும் கட்சிக்கு.