காற்றுத் துப்பாக்கியின் குழல் ஆடுகிறதா?

திருவண்ணாமலை வட்டாரத்தில் மணிலா விதைத்த மறுநாளே தொல்லை ஆரம்பித்து விடுகிறது. விதையை மயில் கிளறுகிறது. கம்பு கதிர் பிடித்தால் கிளி இறங்குகிறது. ஓசை காட்டி விரட்டுவதற்கென்று சிலர் காற்றுத் துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் குறி தப்புகிறது என்று மூலையில் சாத்தி விடுகிறார்கள். பெரும்பாலும் குழலின் பிடிமானம் தளர்ந்திருப்பதே காரணம்.

மடித்து ஸ்பிரிங் ஏற்றும் வகையில், குழல் ஒரே போல்ட்டில் கீல் போல நிற்கிறது. குண்டு போடாமல், ஸ்பிரிங் ஏற்றாமல், குழல் நுனியை இடம் வலமாக அசைத்துப் பார்க்கவும். சிறிதும் ஆடக் கூடாது. பின்குறி உருளையின் மேல் உள்ள துப்பாக்கியில், அரை மீட்டர் குழலின் நுனி 1 மி.மீ. விலகினால், 20 மீட்டரில் குண்டு 4 செ.மீ. வரை விலகிப் போகக்கூடும்.

பூட்டுத் திருகாணி இருந்தால் அதைத் தளர்த்தி, கீல் போல்ட்டை இறுக்கி, மறுபடி பூட்டவும். ஸ்பிரிங் ஏற்றிய பின் குழல் தன் எடையில் தொங்கி விழாமல் விட்ட இடத்தில் நின்றால் இறுக்கம் சரி. இப்படிப் பார்க்கும்போது குழலைக் கையால் தாங்கியிருக்க வேண்டும். விசையைத் தொடவே கூடாது. மடித்த நிலையில் விசை தட்டினால் குழல் மேலே அடித்து விரலை நசுக்கும். குழலும் வளைந்து போகும். கட்டையின் முன்பக்கத் திருகாணிகளும் அதிர்ச்சியில் கழன்று வரும். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குவது நல்லது.

இனி, தாங்கல். தீபத் திருவிழாவில் பலூன் சுடும் கடைகளில் குழலைப் பலகை மேல் சாய்த்துச் சுடுவோர் உண்டு. வயலிலும் அதே பழக்கத்தில் வரப்பிலோ பந்தல் காலிலோ குழலைச் சாய்க்கிறார்கள். இது தவறு. ஸ்பிரிங் விடுபட்டதும், குண்டு வெளியேறுமுன்பே துப்பாக்கி முன்னும் பின்னும் உதறுகிறது. கெட்டியான இடத்தில் சாய்ந்த குழல் அந்த உதறலில் எகிறும். குழலை எதிலும் படவிடாமல், முன்கட்டையை உள்ளங்கையில் இலேசாக ஏந்தி, அந்தக் கையை மணல் நிரப்பிய சாக்கின் மேல் வைக்கவும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் பலன் கெடும்.

சுடுவது எதை? மயிலும் கிளியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் மேல் குண்டு பட்டால் சிறைதான். மண்கரைக்கு முன்னால் எண்ணெய்த் தகரம் ஒன்றை ஆடும்படி தொங்கவிட்டு, பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து அதைச் சுட்டால் ஓசைக்குப் போதும். தகரம் தப்பினாலும் குண்டு மண்ணில் புதையும். கரை இல்லாவிட்டால் சிறு குண்டும் 300 கெஜம் போகக்கூடும். பக்கத்து வயலில் களை எடுப்பார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய நிலங்களிலோ பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனக்கூட்டம். அன்று துப்பாக்கியை எடுக்கவே வேண்டாம்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் விசைக்கு மேற்படாத .177 துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. கீலில் போல்ட்டுக்குப் பதில் ஆணி அடித்த பழைய ரகமானால் வீட்டில் தட்டிப் பார்க்காமல் லேத் பட்டறையில் கொடுத்து மெல்லிய வாஷர் போடச் சொல்லவும். கொண்டு போகுமுன் குண்டும் ஸ்பிரிங்கும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துக் கொள்ளவும்.