நான்கு விடைகளில் ஒன்று

சேலத்திலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. இக்கல்லூரிகளில் மருத்துவப் பட்டம் பெறும் ஒருவர் அறுவை மருத்துவராகவோ குழந்தை மருத்துவராகவோ மேற்படிப்புப் படிக்க விரும்பினால், நீட் முதுநிலைத் தேர்வை எழுத வேண்டும். எழுதுவது என்றா சொன்னோம்? பேனாவுக்கு அங்கே வேலையில்லை! கணிப்பொறித் திரையில் வினா தோன்றும். சரியான விடையைச் சுட்டினால் போதும்.

வினாவின் அமைப்பு

இத்தகைய வினாவைக் கொள்குறி வினா என்பர். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

வயலில் பூச்சிமருந்து தெளித்த உழவர் ஒருவர் மயங்கி விழுகிறார். கண்ணின் பாவை சுருங்கியிருக்கிறது, எச்சில் வழிகிறது, உடல் வியர்க்கிறது, நாடி மெதுவாகத் துடிக்கிறது. அவருக்குத் தர வேண்டிய மருந்து எது?

அ) நலாக்சோன் ஆ) அட்ரோபின் இ) பைலோகார்பின் ஈ) பாம்புக்கடி மாற்றுமருந்து

விடை அட்ரோபின். மற்ற மூன்றும் வெறுமனே சேர்க்கப்பட்டவை அல்ல. அபின் வகை நஞ்சிலும் பாவை சுருங்கும். அதற்கு மருந்து நலாக்சோன். வயலில் விழுந்தவர் என்றதும் பாம்புக்கடி நினைவுக்கு வரும். பைலோகார்பினோ எச்சிலையும் வியர்வையையும் மேலும் பெருக்கும். அரைகுறையாக அறிந்தவர் இவற்றில் ஒன்றில் சிக்குவார். தவறான விடைகளை அமைப்பதில்தான் வினா எழுதுவோரின் திறமை இருக்கிறது.

ஊகத்தின் கணக்கு

தேர்வில் 200 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு 1 குறைக்கப்படும். ஒன்றுமே தெரியாத 40 வினாக்களுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தால் என்ன ஆகும்? நிகழ்தகவின்படி 10 சரியாகலாம். 40 மதிப்பெண் கிடைக்கும். 30 தவறாகி 30 மதிப்பெண் போகும். மிச்சம் 10! ஊகத்தால் வரும் ஆதாயத்தை முற்றிலும் நீக்க வேண்டுமானால், தவறு ஒன்றுக்கு 4/3 மதிப்பெண் குறைக்க வேண்டும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இரண்டு வேளை, இரண்டு வினாத்தாள்

2012ஆம் ஆண்டில் இத்தேர்வு முதன்முறையாகக் கணிப்பொறி வழியே பல நாள்கள் நடந்தது. 2024 ஆகஸ்டு 11 அன்று இரு வேளைகளில் நடைபெற்றது. காலையில் ஒரு வினாத்தாள், பிற்பகலில் வேறொன்று. ஒன்று கடினமாகவும் மற்றது எளிதாகவும் அமைந்தால் என்ன செய்வது? இங்கே சதமானம் உதவுகிறது. எளிய தாளில் 480 பெற்றவர் தம் வேளையில் எழுதியோரில் 90 விழுக்காட்டினருக்கு மேல் இருக்கிறார். கடினமான தாளில் 460 பெற்றவரும் அப்படியே என்று கொள்வோம். இருவரும் சமமாகக் கருதப்படுவர்.

ஆனால் இம்முறை ஒன்றை நம்பி நிற்கிறது: இரு வேளைகளிலும் எழுதியோர் மொத்தத்தில் சமமான திறமையுள்ளவர்கள் என்பதே அது. ஒரு வேளையில் திறமைசாலிகள் மிகுந்திருந்தால் கணக்கு பிறழும். ஒரு சிறு வேறுபாடும் தரவரிசையில் பலரை முன்பின்னாக்கும். விரும்பிய துறை கைநழுவலாம். இரண்டு வினாத்தாள்கள் ஒரே கடினமுடையவை என்று கூற முடியாது எனக் கருதிய உச்ச நீதிமன்றம், ஒரே வேளையில் தேர்வு நடத்துமாறு 2025 மே 30 அன்று ஆணையிட்டது. அவ்வாறே அவ்வாண்டு ஆகஸ்டு 3 அன்று தேர்வு நடந்தது.

கணிப்பொறி காணாதது

அட்ரோபின் என்று சுட்டத் தெரிந்தவருக்கு அதை உழவரின் நரம்பில் செலுத்தத் தெரியுமா? இதைத் திரை சொல்லாது. இதற்கென ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டனும் அவருடைய குழுவினரும் வகுத்த தேர்வுமுறை 1975இல் வெளியாயிற்று. மாணவர் பல நிலையங்களுக்கு வரிசையாகச் செல்வார். ஒன்றில் நோயாளியின் நாடியைப் பார்ப்பார். வேறொன்றில் நோயாளியிடம் பேசி விவரம் அறிவார். எல்லாருக்கும் ஒரே பணி, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல். அறிவை அளக்கத் திரை போதும். கைத்திறனை அளக்க நோயாளியின் அருகே நிற்கத்தான் வேண்டும்.