தோலின் விலையில் சேராத கிணறு

பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் தோல் பதனிடுதலும் பழந்தொழில். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுவர். கழிவுநீரோடு வெளியேறும் உப்பு நிலத்தடியில் இறங்கினால் கிணற்றுநீர் பாசனத்துக்கும் குடிக்கவும் உதவாது.

தோலின் விலையை விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிக்கிறார்கள். கிணற்றை இழந்த விவசாயி அந்தப் பேரத்தில் இல்லை. சந்தைப் போட்டி விலையைக் குறைக்கும். ஆனால் மூன்றாமவரின் இழப்பைக் கணக்கில் சேர்க்காது. அதைச் சேர்க்கவே சட்டம் தேவை.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது 1974-இல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 28.8.1996 அன்றுதான் உச்ச நீதிமன்றம் திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா ரூ.10,000 அபராதம் விதித்தது. ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் கூறியது. இடைப்பட்டது 22 ஆண்டுகள். கேட்பதற்கு மக்கள் முன்வந்தபோதுதான் சட்டம் வேலை செய்தது.

வகுப்பில் செய்து பார்க்கலாம்: ஒரு ஜோடி செருப்பின் விலை யார் யாருக்குப் போகிறது என மாணவர்கள் பட்டியலிடட்டும். பிறகு கேளுங்கள்: “இதில் விடுபட்டவர் யார்?” அந்தக் கேள்வியிலிருந்தே பாடம் தொடங்கும்.