ஆக்கவுரிமைப் பதிவேடுகளும் புள்ளிவிபர ஆராய்ச்சியும்

கண்டி மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளை அறிந்தோர் “சிறொக்கோ” என்னும் உலர்த்தும் பொறியின் பெயரையும் அறிவர். அதனை ஆக்கிய சாமுவேல் டேவிட்சன் கச்சார்த் தேயிலைத் தோட்டத்திற் பெற்ற அனுபவமே அப்பொறிக்கு வித்து. ஆயினும் 1881ஆம் ஆண்டில் அவர் தம் தொழிலகத்தை நிறுவியது பெல்பாஸ்ற் நகரிலே. இதனை எந்நாட்டு ஆக்கமெனக் கணக்கிடுவது? ஆக்கவுரிமைகளை எண்ணப் புகும் மாணவன் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே.

ஹோல், ஜாஃபே, திராக்ரென்பேர்க் ஆகியோர் 2001இல் வெளியிட்ட தொகுதி, 1963 முதல் 1999 வரை ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஏறத்தாழ 30 இலட்சம் உரிமைகளைக் கொண்டது. 1975 முதலான மேற்கோள்களும் அதில் உள்ளமையால், ஓர் ஆக்கம் மற்றொன்றுக்கு வழிகாட்டியமையை ஆராய்வதற்கு அது மிகவும் ஏற்றது. எனினும் அதன் பெருந்தொகை கண்டு மயங்குதல் ஆகாது. வழங்கப்பட்டவை மட்டுமே அதில் உள. மறுக்கப்பட்டவற்றை அங்கே தேடுதல் வீண். கொழும்பில் மட்டும் பதிந்த பேராதனை ஆராய்ச்சியாளர் அதிற் காணப்படார்; கலிபோர்ணியாவில் வாழும் இலங்கையரோ, முகவரி கொண்டு எண்ணுங்கால், அமெரிக்கராகிவிடுவர்.

ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் “பாற்ஸ்ராற்” பல நாட்டுப் பதிவுகளைத் திரட்டித் தருவது. ஒரே ஆக்கம் பல நாடுகளிற் பதியப்பட்டிருப்பின் அவற்றை ஒரு குடும்பமாகச் சேர்த்தெண்ண அது இடமளிக்கும்.

இலங்கையருடைய ஆக்கங்களையே ஆராய்வோருக்கு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ்க் கொழும்பிற் பேணப்படும் பதிவேடே முதன்மையானது. அங்கும் வதிவோர், வதியாதோர் விண்ணப்பங்களைப் பிரித்தெண்ணாவிடின், பிறநாட்டு நிறுவனங்களின் ஆக்கமும் நம்மவர் ஆக்கமாகத் தோன்றும். உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் ஆண்டு அட்டவணைகள் இப்பிரிவைத் தருகின்றன. ஆயின் அவை தொகைகளே, தனித்தனி ஆக்கத்தின் விபரம் அவற்றில் இல்லை.