வெள்ளை பனியனில் தெரிந்த சிவப்பு

பருத்திக்கு மருந்தடிக்கப் போகிறவரிடம் “உடம்பில் படாமல் அடிங்க” என்றால், “இருபது வருசமா அடிக்கிறேம்மா, ஒண்ணும் ஆகல” என்பார். அதனால் சொல்வதை விட்டுவிட்டுக் காட்டத் தொடங்கினேன்.

பெரம்பலூர்ப் பக்கம் உதவி வேளாண்மை அலுவலராக இருந்த காலத்தில் என் பையில் கேசரிப் பவுடர் எப்போதும் இருக்கும். டேங்கில் மருந்துக்குப் பதில் சிவப்புத் தண்ணீர். வெள்ளை பனியனும் வேட்டியுமாக ஒருவர் நான்கு சால் அடித்துவிட்டு வரப்புக்கு வருவார். தொடையெல்லாம் சிவப்பு. மூடி கசிந்து முதுகில் நீளமாக ஒரு கோடு. அடைத்த நாசிலை வாயால் ஊதியதில் உதட்டிலும் சிவப்பு. ஒருமுறை ஒரு அண்ணன் கழுத்தைத் துடைத்த துண்டை விரித்துப் பார்த்தபடி நின்றார். “இதைத்தானம்மா எம் பொண்டாட்டி புள்ளைங்க துணியோட சேத்து அலசுறா.”

மூக்கையும் வாயையும் மூடினால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தெளிக்கிறவர் உடம்புக்குள் நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது. கழுத்திலும் தொடை இடுக்கிலும் இன்னும் வேகமாக இறங்கும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்தி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. மருந்து முகத்திலேயே அடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு எங்கள் பெரம்பலூரிலும் சாவு விழுந்தது.

டப்பாவில் உள்ள வண்ண முக்கோணத்தை எழுதப் படிக்கத் தெரியாதவரும் படிக்கலாம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான்.

அடிக்கும்போது எச்சில் ஊறி, வியர்த்துக் கொட்டி, பார்வை மங்கினால் உடனே டேங்கை இறக்குங்கள். நனைந்த துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மோரும் புளித்தண்ணீரும் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 108க்குச் சொல்லுங்கள். டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள்; எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கேற்ற மாற்று மருந்தைத் தாமதமின்றிக் கொடுப்பார்.

என் மனசை உறுத்துவது வேறொன்று. பயிற்சி என்று கூப்பிட்டால் நிலத்துக்காரர் வருவார். டேங்கைச் சுமக்கிற கூலியாள் அன்றைக்கும் காட்டில்தான் இருப்பார். மறுநாள் அதே காட்டில் களையெடுக்க இறங்கும் பெண்களை யாரும் கூப்பிடுவதே இல்லை. ஒரு நாள் கூலியை விட்டு அவர்கள் எப்படி வருவார்கள்? அதனால் காலை ஆறு மணிக்கு டீக்கடை வாசலிலேயே வகுப்பை வைத்தேன். கூட்டம் வந்தது.

பாதுகாப்பு உடையும் பயிற்சியும் தர வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. நிலத்துக்காரர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்னது: முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, வரப்பில் ஒரு குடம் தண்ணீர், ஒரு சோப்பு. மருந்து வாங்கும் அன்றே இவற்றையும் வாங்கி வையுங்கள்.